நடுவர் குடித்த காபி

விளக்கு வடிவமைப்பு விருதுக்கு இனிமேல் நடுவர்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டாம், போட்டோவும் வீடியோவும் போதும் என்று எங்கள் சங்கத்தில் ஒரு யோசனை வந்திருக்கிறது. அதைச் சொல்ல மேகனா போன் செய்தாள். அவள்தான் இப்போது விருதுக் குழுவின் செயலாளர். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், கோபம் வந்தால் இங்கிலீஷ் என்று வளர்ந்த மைசூர்ப் பெண்.

"மேடம், நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க. யாருக்கும் பயப்பட வேண்டாம். உங்க எக்ஸ்பீரியன்ஸ ஒரு கட்டுரையா எழுதிக் குடுங்க. மெம்பர்ஸ் படிச்சிட்டு ஓட்டுப் போடட்டும்" என்றாள்.

யாருக்கும் பயப்பட வேண்டாதவள் என்ற பட்டம் எனக்குப் பிடித்திருந்தது. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் பிலோமினா. அப்பா பள்ளிக்கூட வாத்தியார், அம்மா நர்ஸ். நான் எலக்ட்ரிகல் படித்துவிட்டுக் கேசவமூர்த்தி சார் ஆபீசில் சேர்ந்தபோது சொந்தக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "லைட்டு போடறதுக்கு ஒரு ஆபீஸா?" என்று கேட்டார்கள். மைசூரில் இந்தத் தொழிலைச் சொன்னால் அடுத்த கேள்வி, "அரண்மனை பல்பெல்லாம் நீங்கதான் போடறீங்களா?" என்பதுதான். இல்லை என்றால் முகம் வாடிவிடும். முதல் சில வருடங்கள் கட்டட வரைபடத்தில் டியூப்லைட் எங்கே வரும் என்று கோடு போட்டதிலேயே போயின. டியூப்லைட் போய் வேறு வந்தது, அதுவும் போய் எல்.இ.டி. வந்தது. நானும் கோடு போடுவதிலிருந்து மெல்ல முன்னேறினேன். அதையெல்லாம் விரித்தால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

கேசவமூர்த்தி சாரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கன்னடக்காரர், இளமையில் கோயம்புத்தூரில் வேலை பார்த்தவர், அதனால் எங்களோடு தமிழ் பேசுவார். குரலை உயர்த்த மாட்டார். பாராட்டவும் மாட்டார். வேலை சரியாக இருந்தால் "ஆயித்து" என்பார், முடிந்தது என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்காக நாங்கள் வாரக்கணக்கில் மாரடித்திருக்கிறோம். சட்டைப் பையில் எப்போதும் பளபளவென்று ஒரு கல்யாணப் பத்திரிகை இருக்கும். யாருடைய கல்யாணமோ, அந்தத் தம்பதிக்குப் பேரன் பேத்தியே பிறந்திருக்கும். எந்த ஆபீசுக்குப் போனாலும் அதை எடுத்து மேஜையில் வைப்பார். வழவழப்பான தாளில் மேலே உள்ள விளக்கு தெரிந்தால், அங்கே உட்கார்ந்து படிக்கிறவருக்கும் கண் கூசும். "பெண்ணு மாப்பிள்ள பேரு தெரியணும். விளக்குத் தெரியக் கூடாது" என்பார்.

விளக்குக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் மேலே பார்ப்போம். என் தங்கை கல்யாணத்தில் சர்ச்சுக்குள் அவள் நடந்து வரும்போது நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றது வீடியோவில் பதிவாகியிருக்கிறது, வருடம் தவறாமல் போட்டுக் காட்டுகிறார்கள். சார் இதற்குத்தான் முதல் தடை போட்டார். நுழைந்ததும் மேலே பார்க்கக் கூடாது. ஓர் ஓரமாக உட்கார வேண்டும். வெளி வெயிலை மறந்து கண் அந்த இடத்துக்குப் பழகும்வரை சும்மா இருக்க வேண்டும். பிறகு அங்கே இருக்கிற மனிதர்களைப் பார்க்க வேண்டும், யார் கண்ணைச் சுருக்குகிறார்கள், யார் நாற்காலியை நகர்த்திப் போடுகிறார்கள் என்று. விளக்கைப் பார்ப்பது கடைசியில்தான்.

இதை நான் சரியாகப் புரிந்துகொண்டது ஒரு பட்டுப்புடவைக் கடையில். எங்கள் ஆபீஸ்தான் விளக்குப் போட்டது. திறப்பு விழா முடிந்து சில நாள் கழித்துச் சார் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே போகவில்லை. எதிர்ப்பக்கம் நிழலில் நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் ஓர் அம்மா புடவையை முந்தானையோடு தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். வெயிலில் விரித்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், உள்ளே போனார். பின்னாலேயே இன்னொருவர் வந்தார். எனக்கு இதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை, நானும் அப்படித்தான் புடவை வாங்குவேன். நம் ஊரில் யார்தான் கடைக்குள்ளேயே நிறம் பார்த்து வாங்குகிறார்கள்?

"நோடம்மா" என்றார் சார், பார் என்று. "வாசலுக்கு ஏன் வர்றாங்க?"

"கலர் பாக்க சார்."

"உள்ள நம்ம விளக்கு இருக்குதே. அவங்க அத நம்பல. அஷ்டே."

அவ்வளவுதான் அவருடைய விமர்சனம். மறுநாளே கடையின் விளக்குகளை மாற்றும் வேலை தொடங்கியது. மாற்றிய பிறகும் சிலர் வாசலுக்கு வந்தார்கள், பழக்கம் விடுமா? ஆனால் வந்தவர்கள் உதட்டைப் பிதுக்கவில்லை.

எங்கள் சங்கம் விருது கொடுக்க ஆரம்பித்தபோது நடுவர் குழுவுக்குச் சார்தான் தலைவர். விதிகளை அவரே வகுத்தார். போட்டோவை நடுவர்கள் கடைசியில்தான் பார்க்க வேண்டும். கேமரா நிதானமாகத் திறந்திருந்து வெளிச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும், மனிதக் கண்ணுக்கு அந்த வசதி கிடையாது என்பது அவர் கட்சி. முடிவு விழாவில்தான் தெரிய வேண்டும், அதுவரை போட்டியாளரிடமோ கட்டடக்காரரிடமோ மூச்சு விடக் கூடாது. இதோடு அவருக்கே உரிய இன்னொரு விதி. போட்டியாளர் தரும் எதையும் நடுவர் வாயில் வைக்கக் கூடாது. தண்ணீர்கூட ஆகாது. ஒரு வாய் காபி குடித்தாலும் அவர் அந்த வருடம் நடுவர் இல்லை, பெயரை அடித்துவிடுவார். வீட்டிலிருந்தே பெரிய ஃப்ளாஸ்க்கில் காபி வரும். யார் ஊரில் யாருக்கு விருந்தோம்பல் அதிகம் என்று சண்டை போடுகிற தேசத்தில் இந்த விதி எப்படிப் பிழைத்தது என்று எனக்கு இன்றும் ஆச்சரியம். காபி வேண்டாம் என்று சொன்னதற்காக எங்கள்மேல் வருத்தப்பட்ட மாமிகள் மைசூரில் பல தெருக்களில் இருக்கிறார்கள்.

என்னை முதல்முறையாக நடுவராகப் போட்ட வருடம், நான் அவர் ஆபீசில் சீனியர் ஆகியிருந்தேன். நடுவர்கள் மூன்று பேர். சார், பெங்களூரிலிருந்து வந்த உமேஷ் என்ற கட்டடக்கலை நிபுணர், நான். அந்த வருடம் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தது ஒரு தனியார் பிரசவ ஆஸ்பத்திரியின் வார்டைப் பற்றி. அதற்கு விளக்கு அமைத்தவன் சுதாகர்.

சுதாகர் என் பக்கத்து மேஜைக்காரன். இரண்டு பேரும் ஒன்றாகச் சாரிடம் வேலை பழகியவர்கள், டிபன் டப்பாவைப் பகிர்ந்துகொண்டவர்கள். அப்போது அவன் தனியாக ஆபீஸ் தொடங்கி வெகுநாள் ஆகவில்லை. இந்த வார்டில் அவன் உயிரையே வைத்திருந்தான். விருது வந்தால் அதே ஆஸ்பத்திரியின் புதிய கிளைகளுக்கும் அவன்தான் என்று பேச்சு. அவன் நண்பி நான் நடுவராக இருக்கலாமா என்று சாரிடம் கேட்டேன். "இந்த ஊர்ல விளக்குப் போடறவங்க எல்லாரும் ஒருத்தருக்கு ஒருத்தர் பழக்கம்தானம்மா. பழகினவங்க எல்லாம் எழுந்து போனா நாற்காலி மட்டும்தான் நடுவரா உக்காரும்" என்றார்.

மழைக்காலத்து மத்தியானம் ஒன்றில் போனோம். வார்டைப் பார்த்ததும் எனக்குப் பொறாமையே வந்துவிட்டது. விளக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கூரையின் ஓரங்களில் மறைந்திருந்து, சாயங்கால வெயில் மாதிரி ஒரு மஞ்சள் வெளிச்சம் சுவரில் வழிந்தது. ஆஸ்பத்திரிகளின் அந்த வெளிறிய வெள்ளையே இல்லை. தாய்மார்கள் அசந்து தூங்கினார்கள். உமேஷ் என் காதில், "இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்றார். எனக்கும் மனசுக்குள் அதே எண்ணம்தான்.

சார் வழக்கம்போல ஓரத்தில் உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். மேலே பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்போது ஓர் இளம் தாய் குழந்தையை எடுத்துக்கொண்டு மெல்ல நடந்து வராந்தாவின் கடைசியில் இருந்த ஜன்னலுக்குப் போனாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது. "மழை காட்டுகிறாள்" என்று உமேஷ் சிரித்தார். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம்போல அழகாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ் இன்னொரு குழந்தையை அதே ஜன்னலுக்கு எடுத்துப் போனார். திரும்பி வந்து வேறொன்றை எடுத்துப் போனார்.

எனக்குப் புடவைக் கடை வாசல் ஞாபகம் வந்தது.

எழுந்து ஜன்னலுக்குப் போனேன். நர்ஸ் குழந்தையின் நெற்றியை விரலால் லேசாக அழுத்தி எடுத்து, அந்த இடத்தின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் மேரி, எங்கள் சர்ச் பங்கைச் சேர்ந்தவர்தான்.

"என்ன சிஸ்டர் பாக்கறீங்க?"

"மஞ்சக் காமாலை இருக்கான்னுதான் மேடம். பொறந்த குழந்தைங்களுக்கு வருமே."

"அத பெட்டுலயே பாக்க முடியாதா?"

"அந்த லைட்ல எல்லா குழந்தையும் ஒரே கலராத்தான் தெரியுது. லைட்டு சூப்பர் மேடம், குத்தம் சொல்லல, அம்மாங்க நல்லா தூங்கறாங்க. பகல்ல நாங்க இங்க கொண்டு வந்து பாத்துக்குவோம்." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போன வாரம்தான் ஒரு குழந்தை. சாயந்திரம் நல்லாத்தான் தெரிஞ்சுது. காலைல இங்க கொண்டுவந்தா கண்ணு வரைக்கும் மஞ்சள். ப்ளூ லைட்ல வெச்சோம். ஆண்டவர் புண்ணியத்துல இப்ப நல்லாருக்கு."

சார் என் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. அவர் வார்டுக்குள் திரும்பிப் போய் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து ஒரு கட்டிலின் மேல் விரித்தார். அதன் பக்கத்தில் தன் சட்டைப் பையிலிருந்த கல்யாணப் பத்திரிகையை வைத்தார். பழைய தாள், ஓரமெல்லாம் மஞ்சளாகிப் போனது. அந்த வெளிச்சத்தில் கைக்குட்டையும் தாளும் ஒரே நிறமாக இருந்தன. இரண்டையும் ஜன்னலுக்கு எடுத்துப் போனார். ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள். உமேஷ் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

காரில் திரும்பும்போது விருது கிடையாது என்பதில் மூன்று பேருக்கும் சந்தேகமில்லை. விருது வாங்கின விளக்கை மறு வருடம் ஊரெல்லாம் காப்பியடிப்பார்கள், அது எங்களுக்குத் தெரியும். ஆனால் விழாவுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அதுவரை அந்த வார்டு அப்படியே இருக்கும்.

"சுதாகர்கிட்ட சொல்லிடலாமே சார்?" என்றேன்.

"விழா வரைக்கும் நடுவர் பேசக் கூடாது" என்றார் உமேஷ். "இப்போது இவருக்குச் சொன்னால் நாளைக்கு ஒவ்வொருவரும் கேட்பார்கள்."

நான் சாரைப் பார்த்தேன். அவர் ஃப்ளாஸ்க்கைத் திறந்து காபியை ஊற்றிக்கொண்டிருந்தார். "ரூல் ரூல்தானம்மா" என்றார். "நடுவருக்கு."

எனக்கு அவர்மேல் அன்று வந்த கோபத்தை எழுதினால் அச்சகத்தில் மை தீர்ந்துவிடும். வீட்டுக்குப் போகாமல் நேராக அக்ரஹாரத்துக்கு ஸ்கூட்டரை விட்டேன். சுதாகர் வீடு அங்கேதான், கோயிலுக்குப் பின்தெருவில். கதவைத் திறந்தவனுக்கு என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு, உடனே பயம்.

"பிலோ, நீ இங்க வரலாமா? சாருக்குத் தெரிஞ்சா?"

"வாங்கக்கா" என்று அவன் மனைவி கவிதா உள்ளே கூப்பிட்டாள். விதியெல்லாம் அவளுக்கு என்ன தெரியும், வந்தவர்களுக்குக் காபி கொண்டுவரத்தான் தெரியும். கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். டபரா டம்ளரில் நுரை ததும்பியது.

நான் டம்ளரை எடுத்தேன். சுதாகர் எழுந்தேவிட்டான்.

"ஏய், குடிக்காத. குடிச்சா நீ ஜட்ஜ் இல்ல."

"தெரியும்" என்று சொல்லிவிட்டுக் குடித்தேன். சூட்டில் நாக்கு வெந்தது. ஆனாலும் கடைசிச் சொட்டு வரை குடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன். "இப்ப நான் நடுவர் இல்ல. இப்ப சொல்றேன், கேளு."

சொன்னேன். ஜன்னல், நெற்றியில் அழுத்திய விரல், கைக்குட்டை எல்லாம் சொன்னேன். அவன் முகம் மாறிக்கொண்டே போனது.

"டாக்டருங்க ட்ராயிங் பாத்து ஓகே பண்ணாங்க. மீட்டர் வெச்சு அளந்திருக்கேன். ஒரு இடத்துல கூட வெளிச்சம் கம்மி இல்ல."

"வெளிச்சம் கம்மின்னு நான் சொல்லலியே சுதா. மஞ்சள் வெளிச்சத்துல வெள்ளையும் மஞ்சளும் ஒண்ணாத்தான் தெரியும். நமக்குச் சொல்லிக் குடுத்த முதல் பாடமே அதுதான்."

"விழா முடிஞ்சதும் சொல்லியிருக்கலாமில்ல? ஒரு மாசம்தானே?"

"ஒரு மாசத்துல அந்த வார்டுல எத்தனை குழந்தைங்க பொறக்கும்?"

கவிதாதான் சொன்னாள், மெதுவாக: "நம்ம பாப்பாவுக்கும் மஞ்சள் இருந்துச்சே. ஞாபகமில்லையா?" அவன் எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டான். நான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன். வழி முழுக்க அழுகை வந்தது. ஒரு நல்ல வேலைக்காரனின் மனசை உடைத்துவிட்டோம், நட்பும் போயிற்று, முதன்முதலில் கிடைத்த நடுவர் நாற்காலியும் போயிற்று என்று அழுதேன்.

மறுநாள் காலை சாரிடம் போய் நின்றேன். "சார், நேத்து சுதாகர் வீட்ல காபி குடிச்சேன்."

அவர் பேனாவை எடுத்து நடுவர் பட்டியலில் என் பெயரை அடித்தார். கொஞ்சமும் தயங்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்:

"கவிதா காபியா? எப்படி இருந்தது?"

"நாக்கு சுட்டுடுச்சு சார்."

"நானே இன்னிக்குப் போய்க் குடிக்கலாம்னு இருந்தேன். நீ முந்திட்ட." எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஆயித்து" என்றார். என் வேலைக்காலத்தில் அந்தச் சொல்லைப் பல தடவை கேட்டிருக்கிறேன். அதுபோல ஒருநாளும் இனித்ததில்லை.

சுதாகர் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய் நாளெல்லாம் அந்த வார்டில் உட்கார்ந்திருந்தானாம். போட்டியிலிருந்து தானாக விலகிக்கொண்டான். பிறகு தன் கையாலேயே அந்த அழகான கூரையை வெட்டினான். ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே ஒரு வட்ட ஓட்டை, அதில் பகல் வெளிச்சம்போல ஒரு வெள்ளை விளக்கு, நர்ஸின் கைக்கு எட்டுகிற இடத்தில் சுவிட்ச். பார்க்க வேண்டியபோது போடலாம், பார்த்ததும் அணைக்கலாம். தாய்மார்களின் தூக்கத்துக்குப் பழைய மஞ்சள் வெளிச்சமே இருந்தது. என்னோடு மட்டும் அவன் பேசவில்லை. எதிரே வந்தால் தெருவைக் கடந்துவிடுவான். எனக்கும் ரோஷம் உண்டு, நானும் கடந்தேன். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கடந்து மறுபடியும் எதிரெதிரே வந்து நின்றதும் உண்டு.

அடுத்த வருடம் சார் ஒரு புது விதியைக் கொண்டுவந்தார். திறப்பு விழா முடிந்த கையோடு எந்த இடத்துக்கும் விருது இல்லை, மனிதர்கள் அங்கே ஒரு வருடமாவது புழங்கியிருக்க வேண்டும். சுதாகர் அதே வார்டை, வெட்டுப்பட்ட கூரையோடு, மறுபடியும் போட்டிக்கு அனுப்பினான். நான் நடுவர் இல்லை. கூரையின் ஓட்டைகள் கண்ணை உறுத்துகின்றன என்று சொல்வார் என நான் பயந்த உமேஷ்தான் முதலில் அதற்குக் கை தூக்கினாராம். விருது வாங்கிய மறுநாள் காலை என் வீட்டு மணி அடித்தது. சுதாகரும் கவிதாவும். அவள் கையில் ஃப்ளாஸ்க்.

"சுடாம ஆத்தி எடுத்துட்டு வந்திருக்கேன்க்கா" என்றாள். சுதாகர் என்னைப் பார்க்காமல் எங்கள் ஹால் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் வியாதி அது, எங்கே போகும்?

இனி மேகனா கேட்டதற்கு வருகிறேன். நான் போட்டோவுக்கு எதிரி இல்லை. இந்த வருடம் சாமராஜநகரிலிருந்து ஒரு பெண் தன் ஊர்ப் பஸ் நிறுத்தத்துக்குப் போட்ட விளக்கைப் போன் கேமராவில் எடுத்து அனுப்பியிருக்கிறாள். எங்கள் காலத்தில் அப்படி ஒருத்தி போட்டிக்கு வரவே வழி இல்லை. போட்டோ கதவைத் திறக்கட்டும், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கடைசியில் நிற்கிற ஒன்றிரண்டு இடங்களுக்காவது யாராவது போய் உட்கார வேண்டும். சுதாகர் முதல் தடவை போட்டிக்கு அனுப்பிய அந்த வார்டின் போட்டோக்கள் இன்றும் என்னிடம் இருக்கின்றன. ஜன்னலோரம் தாயும் குழந்தையும் இருக்கிற படத்தை யாரிடம் காட்டினாலும் ஆஹா என்றுதான் சொல்கிறார்கள்.

இவ்வளவையும் எழுதி மேகனாவிடம் படித்துக் காட்டியபோது, "அந்த வார்டப் பாக்கணும் மேடம்" என்றாள். போன வாரம் அவள் ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு போனாள். மழை பிடித்துக்கொண்டது, நனைந்தே போய்ச் சேர்ந்தோம். உள்ளே நுழைந்ததும் அவள் மேலே பார்த்தாள். தோளைத் தட்டி உட்கார வைத்தேன். ஒரு நர்ஸ் வந்து கட்டில் ஓரத்துச் சுவிட்சைப் போட்டார். வெள்ளை வெளிச்சத்தில் குழந்தையின் நெற்றியை அழுத்திப் பார்த்தார், விளக்கை அணைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். தாய் புரண்டுகூடப் படுக்கவில்லை. மேகனா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கோடியில் இருந்த கட்டிலிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடந்து அதே ஜன்னலுக்குப் போனாள். எனக்குப் பகீரென்றது. விளக்கு கெட்டுவிட்டதா, பல்பை மாற்றும்போது வேறு நிறத்தைப் போட்டுவிட்டார்களா? முழங்கால் வலியை மறந்து பின்னாலேயே போனேன்.

"ஏம்மா, குழந்தைய இங்க எதுக்குக் கொண்டுவந்தீங்க? அங்க லைட் சரியில்லையா?"

அவள் திகைத்துப்போய்ப் பார்த்தாள். கோபிநத்தம் பக்கத்துப் பெண், பேச்சிலேயே தெரிந்தது.

"லைட்டெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள். "மழயக் காட்டறனுங்க."

குழந்தை கண்ணை இறுக மூடித் தூங்கிக்கொண்டிருந்தது. நானும் அவள் பக்கத்தில் நின்று மழையைப் பார்த்தேன்.